ஆய்வாளர் வந்திருக்கிறார் என்றால் யார் வந்திருக்கிறார்?

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவரும் 'ஆய்வாளர்'தான், காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரும் 'ஆய்வாளர்'தான். வீட்டில் அடிபட்டு வெளியேறிய பெண்கள் தங்கியிருக்கும் ஒரு காப்பகத்தில் போய் 'ஆய்வாளர் வந்திருக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். சொல் குழப்பம்தான் என்றாலும் அந்தப் பயத்தில் ஒரு நியாயமும் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. இரண்டு பேருமே கேள்வி கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், கிளம்பிப் போய்விடுவார்கள், அப்புறம் அது என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் குறைவு.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க 'ஆராய்ச்சியாளர்' என்றே எழுதுகிறேன். எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஹெல்ப்லைனில் போன் எடுப்பவர், காப்பகம் நடத்துபவர், கவுன்சிலர், ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூடவே போய் உட்கார்ந்திருப்பவர், இழப்பீட்டு மனுவை நிரப்பித் தருபவர் என்று குற்றத்தால் பாதிக்கப்பட்டவரோடு நிற்கிறவர்கள் பலவகை. அமெரிக்காவில் இவர்களை அட்வகேட் என்பார்கள், நம் ஊரில் அது வக்கீல் ஆகிவிடும். துணையாளர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன, ஏன் அது பேசுகிற அளவுக்குச் சுலபமாக நடப்பதில்லை என்பதுதான் விஷயம்.

வழக்கமாக நடப்பது இப்படி. ஒருவர் முனைவர் பட்டத்துக்கோ ஒரு திட்டத்துக்கோ கேள்வித்தாளைத் தயாராகவே எடுத்துக்கொண்டு வருகிறார். உதவி மையத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே மூன்று ஆள் வேலையை ஒருவராகப் பார்க்கிறவர்கள், இருந்தாலும் மரியாதைக்காகச் சரி என்கிறார்கள். 60 கேள்வி, அதில் பாதி அங்கே வரும் பெண்களிடம் கேட்கவே கூடாதவை, மீதியில் சில அவர்களுக்குப் புரியாத மொழியில் இருக்கும். வந்தவர் தாள்களை வாங்கிக்கொண்டு போகிறார், ஆய்வேடு நூலகத்துக்குப் போகிறது, மையம் பழையபடியே ஓடுகிறது. அடுத்த வருடம் இன்னொருவர் வந்து கிட்டத்தட்ட அதே கேள்விகளோடு நிற்பார்.

ஆராய்ச்சியாளர் பக்கமும் ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மையங்களின் பதிவேடு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஓர் இடத்தில் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதியிருப்பதும் இன்னோர் இடத்தில் 'வன்முறை' என்று எழுதியிருப்பதும் ஒரே விஷயமாக இருக்கும். 'எங்கள் வேலை நல்ல வேலை, எங்களுக்கே தெரியும், இதில் ஆராய என்ன இருக்கிறது' என்ற பதிலும் கிடைக்கும். நல்ல மனதோடு செய்கிற வேலை நல்ல பலனைத்தான் தரும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே.

எண்ணுவது வேறு, தெரிந்துகொள்வது வேறு

முதலில் புரிய வேண்டியது இது. அமெரிக்காவில் 1984-ல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான சட்டம் ஒன்று வந்தது, அதன் கீழ் ஒரு நிதி உண்டானது. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதம் அந்த நிதிக்குப் போகும், அதிலிருந்து நாடு முழுக்க உள்ள உதவி மையங்களுக்குப் பணம் பிரியும். பணம் வந்தால் கணக்குக் கொடுக்க வேண்டும் இல்லையா? இந்தக் காலாண்டில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை போன் வந்தது, எத்தனை இரவு படுக்கை கொடுத்தோம் என்று ஃபாரம் நிரப்பி அனுப்ப வேண்டும்.

இதைச் செய்துவிட்டு 'நாங்கள் ஆய்வு செய்கிறோம்' என்று நினைத்துக்கொள்வது பெரிய தவறு. அரிசிக் கடையில் எத்தனை மூட்டை இறங்கியது என்று எழுதுவது போன்றது அது, சோறு எப்படி வெந்தது என்பது அதில் வராது. வந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று, நாம் செய்ததால் ஏதாவது மாறியதா என்று கேட்கும்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

சரி, எதை வைத்து 'மாறியது' என்று சொல்வது? இங்கேதான் துணையாளர் இல்லாமல் ஆராய்ச்சியாளர் தடுக்கி விழுகிற இடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் முதல் அளவுகோல் 'அந்தப் பெண் மறுபடி அடி வாங்கினாளா' என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிக்கிற ஆள் காப்பகத்திலா இருக்கிறான்? அவன் கை ஓங்குவதையும் ஓங்காமல் இருப்பதையும் காப்பகத்தின் மதிப்பெண்ணாகப் போட்டால், அவன் செய்ததற்கு இவர்கள் ஃபெயில். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரிஸ் சல்லிவன் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். காப்பகத்தால் எதை மாற்ற முடியுமோ அதை அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் குடும்ப வன்முறைக் காப்பகங்களுக்கான மத்திய நிதித் திட்டம் இப்போது வந்து போனவர்களிடம் இரண்டே விஷயம்தான் கேட்கச் சொல்கிறது. என் பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று முன்னைவிட அதிக வழிகள் தெரிகிறதா? என் ஊரில் எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று முன்னைவிட அதிகம் தெரிகிறதா? இவ்வளவுதான். சின்னக் கேள்விகளாகத் தெரிகின்றன, ஆனால் இதுதான் சரியான கேள்வி என்று ஒத்துக்கொள்வதற்கே இரண்டு தரப்பும் ரொம்ப நேரம் பேசியாக வேண்டும்.

சீட்டுக் குலுக்கிப் போடலாமா?

சல்லிவன் செய்த ஒரு சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு நெருடுகிற ஒரு கேள்வி அதில் இருக்கிறது. காப்பகத்தை விட்டு வெளியேறும் பெண்ணுக்குப் பத்து வாரம் ஒரு துணை கொடுத்துப் பார்ப்பது என்று திட்டம். துணையாகப் போனவர்கள் பயிற்சி பெற்ற கல்லூரி மாணவிகள். வாரத்தில் சில மணி நேரம் அந்தப் பெண்ணோடு போய் வீடு, வேலை, குழந்தைக்குப் பள்ளி, வக்கீல் என்று அவள் எதைக் கேட்கிறாளோ அதைத் தேடித் தருவார்கள். இவர்களாகப் பட்டியல் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

மொத்தம் 278 பெண்கள். இவர்களில் யாருக்குத் துணை, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கேட்டதும் கோபம் வரும். அடிபட்டு வந்தவளுக்கு உதவி கிடைப்பதில் குலுக்கலா?

யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு ஆள் இல்லை. அப்போது யாருக்குக் கொடுப்பது? மையத்தில் இருப்பவருக்குப் பிடித்தவருக்கா, நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கா? பற்றாக்குறை இருக்கும் இடத்தில் குலுக்கல்தான் பாரபட்சம் இல்லாத பங்கீடு. துணை கிடைக்காதவர்களும் நடுத்தெருவில் விடப்படவில்லை, காப்பகத்தின் வழக்கமான உதவி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. இதே உதவியைத் தாராளமாகக் கொடுக்க முடிகிற நிலையில், ஆராய்ச்சிக்காகவே சிலருக்கு மறைத்து வைத்தால் அது வேறு கதை, அதை எந்த அறநெறிக் குழுவும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது.

பிறகு இரண்டு வருடம் அவர்களைத் திரும்பத் திரும்பத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். முகவரி மாறும், போன் நம்பர் மாறும், சிலர் ஒளிந்து வாழ்கிறவர்கள். அப்படியும் ஒவ்வொரு முறையும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் போய்ச் சேர்ந்தார்கள். என் கணக்கில் முடிவைவிட இதுவே பெரிய சாதனை. 'உன்னைக் காணவில்லை என்றால் யாரிடம் கேட்பது, அவரிடம் என்ன சொல்லி விசாரிப்பது' என்று அந்தப் பெண்ணிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்தால்தான் இது நடக்கும், அடித்தவன் காதுக்கு எட்டாமல் தேடும் வழி அவளுக்குத்தான் தெரியும்.

குலுக்கிப் பிரித்த இரண்டு குழுக்களை ஒப்பிடுவதால் இங்கே வன்முறையையும் அளந்து பார்க்க முடிந்தது, காப்பகத்துக்கு மதிப்பெண் போட அல்ல. முடிவு: இரண்டு வருடமும் மறுபடி வன்முறையே நடக்காதவர்கள், துணை கிடைத்தவர்களில் நாலில் ஒருவர், கிடைக்காதவர்களில் பத்தில் ஒருவர். பத்து வாரத் துணைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மூன்றாவது வருடம் போய்ப் பார்த்தபோது வன்முறையில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை, வாழ்க்கைத் தரமும் அக்கம்பக்கத்தின் ஆதரவும் மட்டும் முன்னேறியபடியே இருந்தன. இதையும் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். நல்ல செய்தியை மட்டும் அச்சடிக்கிறவரோடு கூட்டு வைத்தால் அது விளம்பரமாகத்தான் முடியும்.

காலண்டரில் போட்ட குறி

துணையாளரின் அனுபவம் எப்படி ஆராய்ச்சியாகி, திரும்பத் துணையாளரிடமே கருவியாக வந்து சேரும் என்பதற்கு ஜாக்குலின் கேம்ப்பெல் வேலை நல்ல உதாரணம். நர்ஸ் படிப்புப் படித்தவர், அப்போது டெட்ராய்ட்டில் இருந்த பேராசிரியை. 1985-ல் ஒரு கேள்விப்பட்டியல் தயாரித்தார், இந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்தில் இருக்கிறாளா என்று கணிக்க. அடிபட்ட பெண்கள், காப்பக ஊழியர்கள், போலீஸ்காரர்கள் எல்லோரிடமும் கேட்டுத்தான் அதை உருவாக்கினார்.

அதில் எனக்குப் பிடித்த பகுதி கேள்விகளுக்கு முன்பே வருகிறது. ஒரு காலண்டரைக் கொடுத்து, போன ஒரு வருடத்தில் அடிபட்ட நாள்களைக் குறிக்கச் சொல்வார்கள், எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு எண்ணும் போட வேண்டும். 'இப்போ முன்னைவிட அடிக்கடி நடக்குதா?' என்று வாயால் கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்கிறவர்கள், தானே குறித்த தாளைப் பார்த்துவிட்டுப் பதிலை மாற்றுவார்கள். தீபாவளிக்கு முன்னாடி ஒன்று, பொங்கலுக்கு அப்புறம் நாலு என்று நம் ஊர்க் காலண்டரில் போட்டாலும் இதேதான் தெரியும்.

பின்னால் 11 நகரங்களில் கணவனோ காதலனோ கொன்ற பெண்களின் வழக்குகளை எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2003-ல் வெளியானது. அவன் கையில் துப்பாக்கி இருந்தால் கொலை ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் என்பது அதில் தெரிந்தது. அந்த ஆய்வின் தரவை வைத்து 2008-ல் வந்த இன்னொரு கட்டுரை, முன்பு எப்போதாவது கழுத்தை நெரித்திருந்தால் பின்னால் கொலையில் முடியும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்றது. கழுத்தை நெரித்தால் பல நேரம் வெளியே காயமே தெரியாது, அதனாலேயே அது போலீஸ் ரிப்போர்ட்டில் விடுபட்டுப்போகும். இதைவிட முக்கியமான இன்னொன்றும் வெளிவந்தது: சாவுவரை போன பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்களுக்கு அப்படி ஓர் ஆபத்து இருப்பதாக நினைத்திருக்கவே இல்லை. 'அவளுக்கே தெரியும், அவள் சொல்வதைக் கேட்போம்' என்பது துணையாளர்களின் அடிப்படை நம்பிக்கை. அவள் பயப்படுகிறாள் என்றால் அந்த நம்பிக்கை சரி. ஆனால் அவள் பயப்படவில்லை என்பதை வைத்து நாமும் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்று ஆராய்ச்சி ஒரு திருத்தம் போட்டது.

அந்த வேலையிலிருந்துதான் மேரிலாந்து மாநிலத்தில் 2005 முதல் போலீஸ்காரர் சம்பவ இடத்திலேயே கேட்கும் 11 கேள்விகள் வந்தன. பதில் ஆபத்தைக் காட்டினால் போலீஸ்காரர் அங்கேயே நின்றபடி ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு, பேசுகிறீர்களா என்று அந்தப் பெண்ணிடம் நீட்டுவார். மறுமுனையில் போன் எடுப்பவர் ஒரு துணையாளர்.

டெட்ராய்ட் கிடங்கு

2009-ல் டெட்ராய்ட் போலீஸின் சாட்சிப் பொருள் கிடங்கு ஒன்றில் பாலியல் வன்முறைத் தடயப் பெட்டிகள் சுமார் 11,000 அடுக்கி வைக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பெண்ணோ சிறுமியோ மணிக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்துத் தன் உடம்பிலிருந்து எடுக்கக் கொடுத்த தடயம். எண்ணி முடித்தபோது 8,700-க்கும் மேற்பட்டவை சோதனைக்கே போகவில்லை. மாவட்டத்தின் தலைமை அரசு வழக்குரைஞர் கிம் வொர்தி விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். 2011-ல் மத்திய அரசின் நீதி ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்து, ரெபேக்கா கேம்ப்பெல் என்ற பேராசிரியை தலைமையில் (முன்னால் சொன்னவர் வேறு கேம்ப்பெல், குழம்ப வேண்டாம்) ஒரு கூட்டு ஆய்வு தொடங்கியது. போலீஸ், அரசு வழக்குரைஞர், தடய அறிவியலார், நர்ஸ்கள், துணையாளர்கள், ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒரே மேசையில்.

பி.எட் படித்தவர்களுக்குச் 'செயலாய்வு' என்ற சொல் ஞாபகம் இருக்கும். வகுப்பில் ஒரு சிக்கல், ஒரு வழியைச் செய்து பார், பலனைக் குறித்து வை, மாற்று, மறுபடி செய். அதேதான் இங்கேயும், வகுப்பறைக்குப் பதில் ஒரு நகரம். ஆராய்ச்சி முடிந்து அறிக்கை வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை, கிடைத்ததை உடனுக்குடன் கூட்டத்தில் வைத்தார்கள்.

ஏன் இத்தனை பெட்டிகள் தேங்கின? ஆள் இல்லை, பணம் இல்லை என்பது பாதிப் பதில். ஆராய்ச்சியாளர்கள் பழைய கேஸ் கட்டுகளைப் படித்தபோது மீதிப் பதிலும் கிடைத்தது, புகார் கொடுத்த பெண்ணை விசாரித்தவர் நம்பவே இல்லை. இதைப் போலீஸும் உட்கார்ந்திருக்கிற மேசையில் வைத்துப் பேச வேண்டியிருந்தது. கூட்டு என்றால் எல்லோரும் சிரித்துப் பேசி டீ குடிப்பது என்று யாராவது நினைத்தால், இல்லை.

அந்த ஆய்வில் சோதனைக்கு எடுத்த பெட்டிகள் 1,595. அவற்றில் 455 தேசிய டி.என்.ஏ தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒருவரோடோ வேறொரு குற்றத்தோடோ பொருந்தின. 127 தொடர் குற்றங்கள் வெளிப்பட்டன. தெரிந்தவன் செய்த குற்றம் என்றால் யார் என்றுதான் தெரியுமே, சோதித்து என்ன ஆகப்போகிறது என்ற ஒரு நினைப்பு அதுவரை இருந்தது. ஆனால் பொருந்தும் விகிதத்தில் தெரிந்தவன், தெரியாதவன் என்று பெரிய வேறுபாடே இல்லை. தெரிந்தவளிடம் அத்துமீறியவன் வேறெங்கோ முகம் தெரியாதவளிடமும் அதையே செய்திருக்கிறான்.

இதெல்லாம் லேபில் தெரிகிற விஷயம். பொருந்திவிட்டது, சரி, இப்போது யார் போய் அந்தப் பெண்ணிடம் சொல்வது? பத்துப் பதினைந்து வருடம் கழித்து. கல்யாணம் ஆகியிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். கடிதம் போட்டால் மாமியார் பிரிப்பாள். போனில் மெசேஜ் விட்டால் மகன் கேட்பான். கதவைத் திறந்ததும் மொத்தத்தையும் கொட்டுவதா, முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் கேட்டால் மீதியா? எந்தப் புள்ளிவிவரப் பாடத்திலும் இதற்குப் பதில் கிடையாது, இப்படிப்பட்டவர்களோடு தினமும் உட்கார்ந்து பேசியவர்களிடம்தான் உண்டு. அதனால் சொல்லும் முறையையே எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள், பிறகு அந்த முறை வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலோர் பயந்த அளவுக்கு நிலைகுலையவில்லை, பாதிக்கு மேற்பட்டோர் வழக்கை மறுபடி எடுக்கச் சம்மதித்தார்கள். இதே காலத்தில் இதே நிதியில் ஹூஸ்டனில் நடந்த வேலையில் பாதிக்கப்பட்டவர்களே விருப்பப்பட்டால் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள். இரண்டு ஊர், இரண்டு வழி.

ரகசியம், நேரம், பயம்

அமெரிக்காவில் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் நிதியைப் பெறும் மையம், வந்தவரின் அடையாளத்தை வெளியில் தரக் கூடாது. தருவதென்றால் அவர் விவரம் புரிந்து எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதத்துக்கும் காலவரை உண்டு. ஆகவே 'உங்கள் ஃபைலைக் கொஞ்சம் பார்க்கலாமா?' என்று கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு முடியாது என்று சொல்வது திமிர் ஆகாது, அது சட்டம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் சின்ன ஊரில் செல்லாது. 'மூன்று குழந்தைகள், கணவர் பேருந்து நடத்துநர்' என்று எழுதினாலே தெருவுக்கே தெரிந்துவிடும்.

நேரத்துக்குக் காசு வேண்டும். ஆராய்ச்சிப் பட்ஜெட்டில் பல்கலைக்கழகத்துக்கு எல்லாம் இருக்கும், மையத்து ஊழியர் ஃபாரம் நிரப்பும் மணிகளுக்கு ஒன்றும் இருக்காது. அப்புறம் முடிவு மோசமாக வந்தால் நிதியை வெட்டிவிடுவார்களோ என்ற பயம், இதை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஃபாரம் தாமதமாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அறிக்கையை வெளியிடுமுன் யார் முதலில் படிப்பார்கள், தவறு என்று மையம் சொன்னால் என்ன செய்வது என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆராய்ச்சி அமைப்பே சேவையில் இறங்கிய இடமும் உண்டு. மும்பையில் செஹாத் என்ற ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2000-ல் பாந்த்ரா பாபா மருத்துவமனைக்குள் 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கின. கீழே விழுந்தேன் என்று சொல்லிக் காயத்தோடு வருகிற பெண்ணை ஆஸ்பத்திரியிலேயே அடையாளம் கண்டு பேசுவது அதன் வேலை. பிறகு மருத்துவமனையே அதைத் தன் துறையாக எடுத்துக்கொண்டது, மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

இவ்வளவு பெரிதாக எல்லாம் தொடங்க வேண்டியதில்லை. பக்கத்தில் பல்கலைக்கழகம் இல்லாத ஒரு சின்ன மையம்கூட மேலே சொன்ன அந்த இரண்டு கேள்விகளை ஒரு துண்டுத்தாளில் அடித்து, கிளம்பும் பெண்ணிடம் கொடுக்கலாம். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். கவுன்சிலர் கையில் வாங்காதீர்கள், இத்தனை நாள் சோறு போட்டவர் முகத்தைப் பார்த்து யாரும் 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுத மாட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வேறு மையத்திலிருந்து யாராவது வந்து கேட்கட்டும். வாசல் பக்கம் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று, மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து திறப்பது, பாதித் தாள்களில் 'இல்லை' என்று இருந்தால் அன்று சாயங்காலம் அதைப் பற்றிப் பேசுவது. ஒரு வருடத் தாள்கள் சேர்ந்த பிறகு ஆராய்ச்சியாளரைக் கூப்பிடுங்கள். அப்போது கேள்வி உங்கள் கையில் இருக்கும்.